எஸ்13 சில்வியா: மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலரா, எலக்ட்ரானிக்கா?

கேள்வி – டர்போதாசன்
வண்டி நிசான் சில்வியா எஸ்13. எஸ்ஆர்20டிஇடி இன்ஜின், டி25 டர்போ. 3 இன்ச் எக்ஸாஸ்ட், முன்பக்க இன்டர்கூலர் போட்டாச்சு. இன்ஜெக்டர் ஸ்டாக் 370சிசி. பூஸ்டை (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) 7 பிஎஸ்ஐ-யில இருந்து 11-க்கு ஏத்தணும். பால்-ஸ்பிரிங் மேனுவல் (ஸ்க்ரூவால செட் பண்ற கண்ட்ரோலர்) போதுமா? ஓடுறது கோலாலம்பூர்ல, ரான்97 பெட்ரோல்.

பதில் – வேஸ்ட்கேட்
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்ரசர்ல இருந்து ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட்டைத் திறக்குற பாகம்) ஹோஸை நேரா மாட்டி, மூணாவது கியர்ல 2500 ஆர்பிஎம்-ல இருந்து முழுசா மிதிச்சுப் பாருங்க. கேஜ் 7-ல நிக்கணும். ஆர்பிஎம் ஏற ஏற 9, 10-னு அதுவும் ஏறினா அது கிரீப். 3 இன்ச் எக்ஸாஸ்ட் போட்டா வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் புகையை டர்பைனைச் சுத்தி வெளிய விடுற கதவு) ஓட்டை பத்தாம இப்படி ஆகும். ஓட்டையைப் பெருசாக்கினாதான் தீரும். கண்ட்ரோலரால பூஸ்டை ஏத்தத்தான் முடியும், ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அளவுக்குக் கீழ இறக்க முடியாது.

பதில் – நாலுசிலிண்டர்
11-க்கு மேனுவலே தாராளம். பிரஷரை கம்ப்ரசர் வாயில இருந்தே எடுங்க, இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து வேணாம். 4 மிமீ சிலிகான் ஹோஸ், முடிஞ்ச அளவு குட்டையா. ஆக்சுவேட்டர் பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு பிளீட் ஓட்டை (தங்குற காத்தை வெளிய விடுறது) இருக்கான்னு பாருங்க. அது அடைச்சிருந்தா காலை எடுத்தப்புறமும் உள்ள காத்து தங்கி, அடுத்த மிதிக்கு பூஸ்ட் மந்தமா ஏறும்.

ஸ்க்ரூவை முழுசா தளர்த்தி ஆரம்பிங்க. அரை சுத்து இறுக்கு, நாலாவது கியர்ல ஒரு ஓட்டம், கேஜைப் பாரு, மறுபடி அரை சுத்து. 10 வந்ததும் கால் சுத்துக்கு மாறுங்க. ரெண்டாவது கியர்ல செட் பண்ணினா, நாலாவதுல லோடு கூடி 1 பிஎஸ்ஐ அதிகமா காட்டும். முடிஞ்சதும் லாக் நட்டை மறக்காதீங்க, அதிர்வுல ஸ்க்ரூ தானா நகரும்.

பதில் – வேஸ்ட்கேட்
மேனுவல்ல ஒரு ஆபத்து: ஆக்சுவேட்டர் ஹோஸ் கழண்டா கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் எகிறிடும். ரெண்டு முனைக்கும் கிளாம்ப் போடுங்க. எலக்ட்ரானிக்லயும் ஹோஸ் கழண்டா இதே கதைதான், ஆனா 3 போர்ட் சொலினாய்டுல (கரன்ட்ல இயங்குற வால்வு) வயர் அறுந்தா ஸ்பிரிங் பூஸ்டுக்கு இறங்கிடும், குழாயைச் சரியா மாட்டியிருந்தா மட்டும். 12 வோல்ட்டைக் கழட்டிட்டு வாயால ஊதிப் பாருங்க, காத்து ஆக்சுவேட்டர் பக்கம் போகணும். டியூட்டி (சொலினாய்டுக்குக் கரன்ட் போற நேரத்தோட பங்கு) 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சு அஞ்சா ஏத்துங்க.

எதைப் போட்டாலும் வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதம் காட்டுற கேஜ்) இல்லாம ஏத்தாதீங்க. முழு லோடுல அந்த விகிதம் 11.5 பக்கத்துல இருக்கணும், 12.5 தாண்டினா உடனே காலை எடுங்க. பிளக் கேப் 0.8 மிமீ, ஒரு படி குளிர்ந்த பிளக். இதெல்லாம் கண்ட்ரோலரை விட முக்கியம், இன்ஜின் உயிர் இதுல இருக்கு.

டர்போதாசன்
நேரா மாட்டினப்ப 7.5-லயே நின்னுச்சு, கிரீப் இல்ல. மேனுவல் போட்டாச்சு. ஆனா பூஸ்ட் 13 தொட்டு 11-க்கு இறங்குது, 6500 ஆர்பிஎம் பக்கம் 9.5.

பதில் – நாலுசிலிண்டர்
அந்த 13 ஸ்பைக், அதாவது ஒரு கணம் எகிறி இறங்குறது. ஹோஸ் நீளமா இருந்தா, இல்ல டீ போட்டு வேற எதுக்காவது பிரிச்சிருந்தா சேதி ஆக்சுவேட்டருக்கு லேட்டா போகும். கண்ட்ரோலரை ஆக்சுவேட்டர் பக்கத்துலயே வைங்க, கேஜுக்குத் தனி லைன் எடுங்க. அப்பவும் குறையலைன்னா உச்சம் 11-ஐத் தாண்டாத அளவுக்கு ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. மேல 9.5-க்கு இறங்குறது வேற விஷயம்: டி25 சின்ன டர்போ, அங்க மூச்சு முடிஞ்சுடும். அதைப் பிடிக்க ஸ்க்ரூவை இறுக்கினா சூடுதான் கூடும், நாக் (பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிக்கிறது) வரும்.