நெட்ஸ்கேப் 2 பிரவுசரில் பக்கத்துக்கு மேலே "940", கீழே "0", பிறகு 15 வினாடி தொங்கல். உதவி தேவை

கோத்தகிரி மழைமானி:
வணக்கம். விண்டோஸ் 95 பெட்டி ஒன்று கிடைத்தது. பனியில் பூஞ்சை பிடித்துக் கிடந்ததைத் துடைத்து, பிள்ளைகளுக்குக் காட்ட நெட்ஸ்கேப் 2 ஏற்றினேன். அதே லேனில் (வீட்டு நெட்வொர்க்கில்) ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. அதில் நண்பர் எழுதித் தந்த பைத்தான் சர்வர் ஓடுது. எங்க ஊர் மழையளவை மாதவாரியா அட்டவணை போட்டுக் காட்டும்.

போன் குரோமில் பக்கம் சுத்தமா வருது. நெட்ஸ்கேப்பில் தலைப்புக்கு மேலே 940, கடைசியில் தனியா ஒரு 0. அதன் பிறகும் மூலையில் எரிநட்சத்திரம் விழுந்துகொண்டே இருக்கு, 15 வினாடி கழித்துத்தான் நிற்குது. படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் எழுத்து குப்பையா வரும்னு தெரியும், அதை விடுங்க.

குன்னூர் கேபிள்:
பிரவுசர் கேஷை அழிச்சுப் பாருங்க சார்.

பழைய பொட்டி:
கேஷுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அந்த 940-தான் துப்பு. அது பதினாறடிமான எண், அதாவது 2368 பைட். சர்வர் பக்கத்தை "சங்க்டு" முறையில் துண்டு துண்டா அனுப்புது. ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் அதன் நீளம், முடிவுக்கு 0. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி. இந்த முறை அதன் 1.1 பதிப்பில் வந்தது. அந்த ஆவணம் (ஆர்எஃப்சி 2068) 1997 ஜனவரியில்தான் வெளியாச்சு. நெட்ஸ்கேப் 2 அதுக்கு முந்தின வருஷத்து ஆள், பேசுறது 1.0. நீளத்தையும் பக்கத்து எழுத்துன்னே நினைச்சுத் திரையில் போட்டுடும்.

ஆனா அது "கனெக்‌ஷன்: கீப்-அலைவ்" என்று ஒரு ஹெடர் வரியைக் கோரிக்கையோடு அனுப்பும். பதில் வந்த பிறகும் இணைப்பை மூடாதேன்னு அர்த்தம். 1.0-ல் இல்லாத, பிரவுசர்காரங்க ஒட்டவெச்ச வசதி. உங்க நண்பரோட ஸ்கிரிப்ட் அந்த வரியைப் பார்த்ததும் எதிரே இருப்பது 1.1 என்று முடிவு கட்டுது போல. கோரிக்கையின் முதல் வரியில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்க.

15 வினாடியும் அதனால்தான். பக்கத்தின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் வரி இல்லாட்டி 1.0 பிரவுசருக்குப் பக்கம் எங்கே முடியுதுன்னு தெரியாது. இணைப்பு மூடும் வரை காத்திருக்கும். உங்க சர்வரின் டைம்-அவுட் 15-ஆ இருக்கும், பாருங்க. 1.0 என்றால் நீளத்தைச் சொல்லணும், இல்லையா அனுப்பி முடிச்சதும் மூடணும். வீட்டு லேனில் மூடுறதே மேல். பிரபல சர்வரான அப்பாச்சியே பல வருஷம் தன் கான்ஃபிக்கில் "மோசில்லா/2" (நெட்ஸ்கேப் 2 தனக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர்) என்று சொல்லிக்கொண்டு வருபவருக்குக் கீப்-அலைவை அணைச்சுத்தான் வெச்சிருந்தது.

கோத்தகிரி மழைமானி:
டைம்-அவுட் 15-தான் அண்ணே! மூடினா சரியா வருது. ஆனா கீப்-அலைவையே பிள்ளைகளுக்குக் காட்டணும்னு ஆசை. லெங்த் போட்டுப் பார்த்தேன். 940 போச்சு, கூடவே அட்டவணையும் போச்சு! அடுத்து வர்ற படமும் உடைஞ்சு வருது.

பழைய பொட்டி:
நீளத்தை எழுத்துக் கணக்கில் எடுத்திருக்கீங்க. "கோத்தகிரி"க்குத் துணைக்குறி, புள்ளியையும் தனித்தனியா எண்ணி பைத்தான் 9 என்று சொல்லும். அனுப்பும்போது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் அது 27 பைட். குறைச்சுச் சொன்னதால் அட்டவணையை மூடும் குறி வெட்டுப்பட்டுப் போச்சு. அது வராம நெட்ஸ்கேப் அட்டவணையையே வரையாது. மிச்ச பைட்டெல்லாம் அதே இணைப்பில் அடுத்த பதிலின் தலையில் ஏறுது, அதான் படம் உடையுது. பக்கத்தை முதலில் பைட்டாக்கி, அப்புறம் நீளம் எடுங்க.

கோத்தகிரி மழைமானி:
வந்தாச்சு, 12 மாசமும் தெரியுது. முகப்பிலிருந்து நடப்பு மாதத்துக்குத் திருப்பிவிடும் 302 பதில் மட்டும் இன்னும் 15 வினாடி நிற்குது.

பழைய பொட்டி:
அதுக்கும் கன்டென்ட்-லெங்த் வேணும். உள்ளே ஒண்ணுமில்லைன்னா 0 என்று போடுங்க.