பழைய சிஸ்டத்தை இன்னும் ஓட்டுகிறவர்கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

சிம்மக்கல் சர்வீஸ்காரர்:

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அப்ப இதைத் தூக்கிப் போட்டுற வேண்டியதுதானா?" விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். மாசி வீதிக் கடைகளில் ஓடுகிற சிஸ்டங்களில் நிறைய அதற்கு முந்தையவை. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "பின்னாடி என்னென்ன வயர் சொருகியிருக்கு?" சிஸ்டத்தை மாற்றலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்த வயரில்தான் இருக்கிறது.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு அச்சகம். பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7. அந்தப் பேஜ்மேக்கர் வந்தது 2001-இல், அதற்கப்புறம் அடுத்த பதிப்பே வரவில்லை. முதலாளிக்கு அதில் கை பழகிவிட்டது, அது ஒரு காரணம். பெரிய காரணம், தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கான லாக். பிரிண்டர் போர்ட்டில் சொருகிய ஒரு சின்னப் பெட்டி. அது இருந்தால்தான் எழுத்துரு திறக்கும். புது போர்டுகளில் அந்தப் போர்ட்டே கிடையாது. யூஎஸ்பி–பேரலல் வயர் வாங்கிப் போட்டால் பிரிண்டர் ஓடும், லாக் மட்டும் பிடிபடாது. லாக் போர்ட்டை நேரடியாகத் தட்டிப் பார்க்கிற சாதனம், அந்த வயருக்கோ பிரிண்டரோடு பேசத்தான் தெரியும்.

அந்த மெஷினில்தான் கும்பாபிஷேகப் பத்திரிகை, முளைப்பாரி நோட்டீஸ், நினைவஞ்சலி எல்லாம் கிடக்கின்றன. "போன தடவை அடிச்ச மாதிரியே, தேதியை மட்டும் மாத்துங்க" என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் அதை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. சத்தம் போட ஆரம்பித்திருந்த 40 ஜிபி ஐடிஇ டிஸ்க்கை, உயிரோடு இருக்கும்போதே குளோன்ஜில்லா வைத்து எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்தேன். பழைய ஐடிஇ வயரும் புது சாட்டா வயரும் பொருந்தாது, அதனால் நடுவில் ஒரு ஐடிஇ–சாட்டா கன்வர்ட்டர். பிராசஸரைச் சுற்றி மண்டை உப்பியிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளுக்கு அது ஒரு பொதுவான நோய். எக்ஸ்பியை நெட்டில் விடுவது ஆபத்து, அதனால் அப்புறம் நெட் வயரைப் பிடுங்கி முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோக்களுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட்ட இன்னொரு சிஸ்டம் இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பென்டிரைவ். அது வெளியே எங்கும் போகக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

உங்கள் ஊரில் என்ன ஓடுகிறது, எழுதுங்களேன்.

உசிலம்பட்டி மொய் ஆபரேட்டர்:

அண்ணே, எங்க தொழிலே பழைய லேப்டாப்பில்தான் ஓடுது. இந்தப் பக்கம் காதணி விழா, வசந்த விழா எதுவானாலும் கம்ப்யூட்டர் மொய்தான். ஒருத்தர் பணத்தை எண்ணி வாங்குவார், ஒருத்தர் நோட்டில் எழுதுவார், நான் ஊர், பேர், தகப்பன் பேர், தொகை அடித்து ரசீதை நீட்டுவேன். விழா முடிந்ததும் ஊர்வாரியாகப் பிரித்துப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது தங்கச்சி பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. விண்டோஸ் ஒரு பக்கம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று ரெண்டும் போட்டுக் கொடுத்தார்கள். ரேம் 2 ஜிபி. பேட்டரி எப்பவோ செத்துவிட்டது. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அணைந்துவிடக் கூடாதே என்று ஒரு சின்ன யூபிஎஸ் கூடவே வரும். நெட் தேவையே இல்லை. அப்டேட் வந்து நடுவில் ரீஸ்டார்ட் ஆகும் பயம் கிடையாது. பந்திக்குப் போகிற கூட்டம் மேஜையைச் சுற்றி நிற்கும்போது 'சற்று காத்திருக்கவும்' என்று ஒரு வட்டம் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புது லேப்டாப் வாங்கிய கூட்டாளி ஒருத்தனுக்கு அது நடந்தது. அன்றைக்கு நோட்டுதான் காப்பாற்றியது.

சாப்ட்வேர் ரொம்பப் பழசு. எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. கல்லாக் கணக்குக்கு 1000, 500, 100 என்று கட்டங்கள் வைத்திருந்தார். 2016 நவம்பரில் 1000 ரூபாய் செல்லாமல் போய் 2000 வந்தது. கட்டம் சேர்க்க ஆள் இல்லை, அதனால் ஒவ்வொரு 2000-ஐயும் ரெண்டு 1000 என்று போட்டு ஓட்டினோம். 2023-இல் அந்த 2000-ஐயும் திரும்பப் பெற்றார்கள், பிரச்சினை தானே தீர்ந்தது. 1000 கட்டம் மட்டும் சும்மா நிற்கிறது.

உண்மையான தலைவலி எழுத்துருதான். எங்கள் பழைய கணக்கெல்லாம் யூனிகோடு இல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் கொம்பு முதலில் சேமிக்கப்படும், எழுத்து அப்புறம். பார்க்கச் சரியாகத் தெரியும். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்: செல்வம், பெருமாள், கெங்கையம்மாள் எல்லாரும் ஒற்றைக் கொம்புக்குக் கீழே ஒரே கும்பலாக நிற்பார்கள். வேலு, சேகர் எல்லாம் இரட்டைக் கொம்புக் கும்பல். கொண்டம்மாள் ஒற்றைக் கொம்போடு போய்ச் சேர்ந்துவிடுவார். யூனிகோடில் எழுத்து முதலிலும் கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படுவதால் செல்வம் 'ச'விலேயே நிற்பார்.

மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய பணம், அதனால் பழைய கணக்கைத் தூக்கிப் போட முடியாது. 2012-இல் காது குத்தியவர் வீட்டுக்காரர் இன்றைக்குப் போன் பண்ணி, "எழுமலைக்காரர் எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கார், பாத்துச் சொல்லு தம்பி" என்பார். சொல்லியாக வேண்டும். கணக்கு டிபிஎஃப் என்ற பழைய டேட்டாபேஸ் கோப்பாக இருந்ததால் பிழைத்தேன். லிப்ரே ஆபீஸ் கால்க் அதை நேராகத் திறக்கிறது. அதிலிருந்து பெயர்ப் பத்தியை எடுத்து எழுத்துரு மாற்றுகிற என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி மறுபடி ஒட்டினேன். ஆங்கிலத்தில் அடித்த இனிஷியல்கள் மட்டும் பாமினி என்று நினைத்து வேறு எழுத்தாகிவிடும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழி இல்லை. ஒவ்வொரு முகூர்த்தமில்லாத மாதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கிறேன். முடிந்த கோப்புகளை விழா வீட்டுக்காரருக்கும் பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன்.

மெஷின் போனால் இன்னொரு பழசு கிடைக்கும். அதே லேப்டாப் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கிறது. கணக்கு போனால் ஊருக்குள் நடமாட முடியாது.

திருமங்கலம் எடைமேடை:

நல்ல பதிவு. எங்களுடையது நாலுவழிச் சாலை ஓரம் எடைமேடை. லாரி மேலே ஏறி நின்றதும் இண்டிகேட்டரில் எடை வரும், அங்கிருந்து ஒன்பது ஊசி சீரியல் வயர் வழியாகச் சிஸ்டத்துக்கு வரும், டாட் மேட்ரிக்ஸில் சீட்டு அடிக்கும். கார்பன் வைத்து மூன்று காப்பி: டிரைவருக்கு, சரக்குக்காரருக்கு, நமக்கு. லேசர் பிரிண்டரில் கார்பன் காப்பி வராது, அதனால் ஊசி பிரிண்டரை யாரும் அசைக்க முடியவில்லை.

பழைய சிஸ்டம் படுத்ததும் புதுசு வாங்கி யூஎஸ்பி–சீரியல் வயர் போட்டோம். சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கிற பேர் காம், அதற்கு காம் 7 என்று நம்பர் கொடுத்தது. எங்கள் புரோகிராமுக்குக் காம் 1, காம் 2 தவிர எதுவும் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் போய் நம்பரை மாற்றினால் சரியாகும். வயரை வேறு ஓட்டையில் சொருகினால் மறுபடி வேறு நம்பர். ராத்திரி டூட்டிப் பையன் செல்போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் சொருகிவிடுவான். வெளியே லாரி வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். அதுவும் போக, அந்த வயர்களில் போலிச் சிப் நிறைய. டிரைவர் அப்டேட் ஆனதும் மஞ்சள் முக்கோணம் காட்டி நின்றுவிடும்.

ஒரு மெக்கானிக் வந்து கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மதர்போர்டிலேயே காம் என்று எழுதிய பத்து ஊசித் தலை ஒன்று இருந்தது. பின்னால் போர்ட் மட்டும்தான் வைக்கவில்லை. ஒரு ரிப்பன் வயர் பிராக்கெட் வாங்கி மாட்டினார். அசல் காம் 1. அன்றிலிருந்து பிரச்சினை இல்லை. புது சிஸ்டம் வாங்குகிறவர்கள் போர்டின் கையேட்டில் அந்தத் தலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு.

கே.கே. நகர் வாசி:

எல்லாரும் பழசைக் கொஞ்சுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பென்டியம் 4-உம் பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். கடைக் கட்டணத்தில் வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய ஐ3 சிஸ்டம் ஒன்று அதைவிடக் குறைவாகவே இழுக்கும், வேலையும் பல மடங்கு பார்க்கும். அப்புறம் பாதுகாப்பு. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை வைரஸ் வந்தபோது மைக்ரோசாப்டே பயந்து, மூன்று வருஷத்துக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) போட்டுக் கொடுத்தது. எக்ஸ்பியில் குரோம் பிரவுசர் 49-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, விண்டோஸ் 7-இல் 109. இதில் உட்கார்ந்து நெட் பேங்கிங் செய்கிற ஆட்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிம்மக்கல் சர்வீஸ்காரர்:

சார், பேங்கிங் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். எக்ஸ்பி, 7 ரெண்டிலும் பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது. விண்டோஸ் 10 வைத்திருக்கிறவர்கள் மைக்ரோசாப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் (ஈஎஸ்யூ) சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு ஒட்டுகள் வரும், சேராமல் சும்மா ஓட்டாதீர்கள். மானிட்டரும் நியாயம்தான், குழாய் மானிட்டர் யாராவது வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆனால் லாக் சொருகிய மெஷினுக்கு ஐ3 பதில் ஆகாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் புரோகிராம் ஓடுகிற மெஷினுக்கும் அப்படித்தான்: 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. டாஸ் காலத்து பாக்ஸ்புரோவில் பில் போடுகிற ஜவுளிக்கடை ஒன்றுக்கு, புது விண்டோஸுக்குள் டாஸ் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாதா டாஸ்பாக்ஸில் பிரிண்டர் போர்ட் கிடையாது, இதில் இருக்கிறது. அந்த மாதிரி வழி இருக்கிற இடத்தில் நானே புது மெஷினுக்குத்தான் தள்ளுவேன்.

சோழவந்தான் ஆசிரியை:

பள்ளியில் பழுதாகி ஒதுக்கிய லேப்டாப்புகளைச் சேர்த்து ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். ஒன்றின் திரை, இன்னொன்றின் கீபோர்டு என்று ஒட்டுப் போட்டவை. எம்எக்ஸ் லினக்ஸ் போட்டோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டியதுதான் பெரிய மாற்றம். ரேம் கூட்டியதைவிட அதில்தான் வேகம் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டு, படம் வரைய டக்ஸ் பெயிண்ட். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்99 கீபோர்டு முறை பழகுகிறார்கள்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் பயன்படும். ஒரு மெஷினில் எந்த இணையதளமும் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பற்றது' என்று வந்தது. நெட்தான் சரியில்லை என்று கேபிள்காரரை வரச்சொல்லிவிட்டார்கள். மூலையில் தேதியைப் பார்த்தால் 2009. உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்து கடிகாரம் பின்னால் போய்விட்டது, அதனால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை என்று பிரவுசர் நினைக்கிறது. டெஸ்க்டாப்பில் இருப்பது சிஆர்2032, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் பலதில் அதே செல்லுக்கு வயர் ஒட்டி உறை போட்டிருப்பார்கள், பின்னின் அளவு பார்த்து வாங்க வேண்டும். தேதி சரியாக இருந்தும் பழைய விண்டோஸில் பல தளங்கள் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை: 2021 செப்டம்பர் 30-இல், பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது, புதிதைப் பழைய மெஷின்களுக்கு யாரும் சேர்த்துவிடவில்லை.

சர்வீஸ்கார அண்ணனிடம் ஒரு கேள்வி. ரெண்டு மெஷின் 32 பிட் மட்டும்தான் ஏற்கிறது. டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இன்ஸ்டாலரே இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

சிம்மக்கல் சர்வீஸ்காரர்:

ஆமாம் டீச்சர், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். டெபியன் 12 போடுங்கள், இன்னும் கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்பு ஒட்டு வரும். நெட் இல்லாமல் பெயிண்ட், கீபோர்டுப் பயிற்சிக்கு மட்டும் என்றால் அதற்கப்புறமும் ஓட்டலாம். போடுவதற்கு முன்னால் பிராசஸர் பெயரை ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள். ஏற்கனவே 32 பிட் விண்டோஸ் இருந்ததால் மெஷினே 32 பிட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோர் 2 டியோவாக இருந்தால் 64 தாராளமாக ஏறும்.

உசிலம்பட்டி மொய் ஆபரேட்டர்:

டீச்சர், அந்த ஒட்டுப் போட்ட கூட்டத்தில் சார்ஜர் ஊசி நல்லா இருக்கிற அரசு லேப்டாப் மிச்சம் இருந்தா பள்ளியில் கேட்டுச் சொல்லுங்க. என்னோட பின் ஆட ஆரம்பிச்சிருச்சு, தை மாசம் முழுக்க தேதி நிறைஞ்சு கிடக்கு.