‘உறங்கும் தொகை’ பொருந்தாது, ‘கங்குத்தொகை’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வெளியிலிருந்து வந்த ஓர் உயிரினம் புதிய இடத்தில் நெடுங்காலம் சொற்பமாக வாழ்ந்து, சூழல் வாய்த்ததும் திடீரெனப் பெருகுவதுண்டு. அப்படிச் சொற்பமாக இருக்கும் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்பர் பாப்புலேஷன்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘உறங்கும் தொகை’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் மாடிசன் நகரை ஒட்டிய மெண்டோட்டா ஏரியில் 2009-இல் முள்வால் நீர்த்தெள்ளு (ஸ்பைனி வாட்டர் ஃப்ளீ) என்ற சிறு நீருயிரி கண்டறியப்பட்டது. (‘தெள்ளுப்பூச்சி’ என்பதுபோல் இதன் பெயரில் ‘பூச்சி’ சேர்க்க வேண்டாம், இது இறாலுக்கு உறவு.) ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உடலில் பெரும்பகுதி வால்முள்தான். சரக்குக் கப்பல்கள் எடையைச் சமன்செய்ய நிரப்பிய நீரோடு வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து, அங்கிருந்து பரவிய உயிர். கண்டறிந்த அந்த ஆண்டே ஏரியில் மண்டிக் கிடந்தது. ஆனால் அடிச்சேற்றைத் தோண்டியெடுத்து, அதில் புதைந்திருந்த வால்முட்களை எண்ணியபோது வேறு கதை தெரிந்தது. குறைந்தது பத்தாண்டுகளாகவே அது அங்கே, ஆய்வாளர்களின் வலையில் சிக்காத அளவுக்குச் சொற்பமாக வாழ்ந்திருக்கிறது. 2009-இன் கோடை வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது, அது வாய்ப்பாகிப் பெருகிவிட்டது.

அந்தப் பத்தாண்டும் அது உறங்கவில்லை. இரை தின்றது, இனம் பெருக்கியது. உண்மையில் உறங்குபவை அதன் முட்டைகள். தடித்த உறையுள்ள அவை குளிர்காலம் முழுவதும் சேற்றில் கிடந்து பிறகு பொரிக்கும். ‘உறங்குமுட்டை’ என்ற சொல் அவற்றுக்கே வேண்டும். ஒரே உயிரியின் இரு நிலைகளுக்கும் உறக்கத்தைச் சொன்னால் மாணவர் தடுமாறுவார். ‘பதுங்கு தொகை’யும் சரியல்ல, அது ஒளிந்திருக்கவில்லை, குறைவாக இருந்தது, அவ்வளவே.

நீறு பூத்த நெருப்பு என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. சாம்பலுக்கடியில் கங்கு உயிரோடுதான் இருக்கிறது. காற்று பட்டால் பற்றிக்கொள்கிறது. ஆகவே ‘கங்குத்தொகை’ என்கிறேன். குளிரில் பெருகும் உயிருக்கு நெருப்பு உவமையா என்று கேட்கலாம். கங்கு இங்கே சுட்டுவது சூட்டையன்று. சிறிதாக இருந்தும் அணையாதிருப்பதை.

இந்தச் சொல்லுக்காக இவ்வளவு வாதாடக் காரணம் உண்டு. பாசியைத் தின்று ஏரியைத் தெளிவாக வைத்திருந்த டாஃப்னியா என்ற சிறு நீருயிரியை இந்த நீர்த்தெள்ளு பெருமளவு தின்று குறைத்தது. நீரின் தெளிவு ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்தது. பழைய தெளிவை மீட்க, பாசிக்கு உரமாக ஏரிக்கு வந்துசேரும் பாஸ்பரஸை 71 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ‘உறங்குகிறது’ என்று படிப்பவர், ஆபத்தில்லை என்று அடுத்த ஏரிக்குப் போய்விடுவார்.

இலங்கை நண்பர்கள் ‘பாப்புலேஷன்’ என்பதைக் ‘குடித்தொகை’ என்று எழுதுவதால் ‘கங்குக் குடித்தொகை’ அவர்களுக்கு இயல்பாக ஒலிக்கிறதா என்று சொல்லுங்கள்.