‘இயற்கைத் தைராய்டு’ மாத்திரைக்கு மாறலாமா? (இப்போது லெவோதைராக்சின் 100)

கீழக்கரை_வாசி
அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு வயது 58, எடை 62 கிலோ, ஹாஷிமோட்டோ (உடம்பே தன் தைராய்டைத் தாக்கி மந்தமாக்குற நோய்). லெவோதைராக்சின் (செயற்கைத் தைராய்டு ஹார்மோன், டி4 மட்டும்) 100 மை.கி. ஓடுது. டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மருந்து கூடினா இது குறையும்) 3.1, ஃப்ரீ டி4 1.2. ரிப்போர்ட் நார்மல், ஆனா அசதி, முடி உதிர்வு, மலச்சிக்கல் குறையலை. அமெரிக்காவில் இருக்கிற லாத்தா (அக்கா) ‘இயற்கைத் தைராய்டு’ன்னு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்காங்க. மேலே 60 மி.கி.ன்னு இருக்கு. 100ஐ விட 60 குறைவுதானே, அப்படியே மாத்திக்கலாமா?

மண்டபம்_மருந்தாளுநர்
வ அலைக்கும் ஸலாம். அந்த 60ஐயும் இந்த 100ஐயும் ஒப்பிடவே கூடாது தம்பி. அது மில்லிகிராம், இது மைக்ரோகிராம். 60 மி.கி. என்பது உலர்த்திப் பொடித்த பன்றிச் சுரப்பியின் எடை. ஒரு ‘கிரெய்ன்’ என்பார்கள். அதற்குள் இருக்கிற ஹார்மோன் டி4 38 மை.கி., அதைவிடப் பல மடங்கு வீரியமான டி3 9 மை.கி. லெவோதைராக்சின் கணக்கில் அது 88இலிருந்து 100 மை.கி. வரை வரும். அதாவது குறைவான டோஸ் இல்லை, ஏறக்குறைய இப்போது போடுகிற அளவேதான். பழைய மாத்திரையை நிறுத்தாமல் இதையும் சேர்த்தால் ஒரே நாளில் இரட்டை டோஸ்.

சிக்கல் டி3யில். மனிதச் சுரப்பி விடுகிற டி4, டி3 விகிதம் சுமார் 14க்கு 1. பன்றித்தூளில் 4க்கு 1. டி3 வயிற்றுக்குள் போன 2 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், ஒரு நாளில் பாதி கரைந்துவிடும். டி4க்கு அதே பாதிக்கு ஒரு வாரம் ஆகும். காலையில் போட்டவருக்கு முற்பகலில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் காரணம் இந்த ஏற்றம்தான். 58 வயதில் டி.எஸ்.ஹெச். ரொம்பக் கீழே போனால் எலும்புத் தேய்வும் இதயத்துடிப்பு ஒழுங்கு தப்புவதும் வரும். ஈ.சி.ஜி. பார்க்காமல் இந்தப் பக்கமே போகாதீங்க. வீட்டில் கர்ப்பிணி யாராவது இதே பாட்டிலைக் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. சிசுவின் மூளைக்குத் தாயின் டி4தான் வேணும்.

‘இயற்கை’ என்றால் ஒரே சீரான அளவு என்றும் எண்ண வேண்டாம். 2020இல் ஒரு நிறுவனத்தின் சில பேட்ச்கள் ஹார்மோன் கூடுதல் என்று மே மாதமும், வேறு சில குறைவு என்று செப்டம்பரிலும் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. அங்கேயே இதற்கு எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் கிடையாது, பழைய மருந்து என்று விட்டு வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஒப்புதல் வாங்கச் சொல்லி உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் போயிற்று.

தொண்டி_லேப்
எதிர்ப் பக்கத்தையும் சொல்லணும். 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 70 பேருக்கு எது எதுவென்று சொல்லாமல் ரெண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 34 பேருக்குப் பன்றி மாத்திரை பிடித்தது, 13 பேருக்கு லெவோதைராக்சின், 23 பேருக்கு வித்தியாசமே தெரியலை. அறிகுறிகளுக்குப் போட்ட மதிப்பெண்ணில் மொத்தத்தில் வித்தியாசம் வரலை. ஆக, சிலருக்கு நல்லாயிருக்கு என்பது கட்டுக்கதை இல்லை. எல்லாருக்கும் என்பதுதான் கட்டுக்கதை.

டாக்டர் மாற்றிக் கொடுத்தால், இரத்தம் எடுக்கிற அன்று மாத்திரைக்கு முன்னாடி எடுக்கணும். போட்டுவிட்டு வந்தால் டி3 பொய்யாக உயர்ந்து நிற்கும். டி4 அடிமட்டத்தில் இருப்பது இந்த மாத்திரையில் இயல்பு. அதைத் தூக்கணும் என்று டோஸை ஏற்றினால் டி3 எகிறிவிடும். டி.எஸ்.ஹெச்.ஐப் பார்த்து ஏற்றுங்க, அதுவும் 6 வாரம் கழித்து. முடிக்காக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிட்டால் டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்க, அது ரிப்போர்ட்டையே புரட்டிப் போடும்.

அதுக்கும் முன்னால ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் நாலும் பாருங்க. டி.எஸ்.ஹெச். 3.1இல் முடி கொட்டினால் நான் முதலில் ஃபெரிட்டினைத்தான் சந்தேகப்படுவேன்.

கீழக்கரை_வாசி
பன்றி என்பது பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது. உம்மா காலையில் மாத்திரை போட்டு கால் மணி நேரத்தில் டீ, அதோட கால்சியம் மாத்திரை. நோன்பு நாளில் எப்படின்னும் சொல்லுங்க. கடல்பாசி சாப்பிடலாமா?

மண்டபம்_மருந்தாளுநர்
அங்கேதான் ஓட்டை. கால்சியம், இரும்பு ரெண்டும் மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி வேணும். டீ, காபிக்கு ஒரு மணி நேரம். வெறும் தண்ணீரில் போடணும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்கும் நோன்பாளிகளுக்கும் படுக்கப் போகும்போது போடுவது சுலபம், கடைசிச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்து. அப்படியானால் கால்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு மாற்றுங்க, நோன்பு நாளில் இஃப்தாரோடு. நேரத்தை மாற்றிய பிறகு 6 வாரத்தில் டி.எஸ்.ஹெச். மறுபடி பாருங்க. உறிஞ்சுவது கூடினால் 100 அதிகமாகக்கூட ஆகலாம்.

ஹலால் விஷயத்தை ஆலிமிடம் கேளுங்க. கேட்கும்போது லெவோதைராக்சின் செயற்கையாகத் தயாராவது, மாற்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. ‘தைராய்டினம் 30’ என்று ஹோமியோபதிக் கடையில் கிடைப்பது இதற்குப் பதில் ஆகாது, அந்த நீர்ப்பில் ஹார்மோனே மிஞ்சாது.

இஃப்தாருக்குச் செய்கிற கடல்பாசி அலசிக் கொதிக்கவைத்து எடுத்த அகர் (ஜெல்லி போல உறையும் பாசிச் சாறு). அளவாகச் சாப்பிடலாம். கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசியைப் பொடியாக்கி ‘தைராய்டுக்கு நல்லது’ என்று கொடுத்தால் வாங்காதீங்க. அயோடின் மிகையானால் ஹாஷிமோட்டோக்காரர் சுரப்பி இன்னும் மந்தமாகும்.

லெவோதைராக்சின் பாட்டிலை அடுப்படியில் வைக்காதீங்க. நம்ம உப்புக்காற்றில் மூடி திறந்து கிடந்தால் ஈரம் ஏறி மாத்திரை வீரியம் குறையும். உள்ளே இருக்கிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், குளிர்ந்த இருட்டான அலமாரியில் வையுங்க.