வலக்கை முதுகில் ஏறவில்லை: உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஆனதுண்டா?

தஞ்சாவூர் அம்மா
ஆடிப்பெருக்கு அன்று திருவையாறு படித்துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மகளுக்கு 15 வயது, வலக்கை டென்னிஸ் ஆட்டக்காரி. முதுகுப் பக்கம் ஊக்கு வைத்த பட்டுச் சட்டை. "நீயே மாட்டிவிடு அம்மா" என்றாள். சோம்பல் என்று திட்டினேன். திரும்பி நின்று காட்டினாள். இடக்கைக் கட்டைவிரல் தோள்பட்டை எலும்பைத் தொட்டது. வலக்கை இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை. விரல்கள் சட்டை விளிம்பிலேயே துழாவிக்கொண்டிருந்தன. வலி இல்லையாம். அந்த விரல்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

திருச்சியில் பிசியோதெரபிஸ்ட் மல்லாக்கப் படுக்கவைத்துக் கோணமானியால் அளந்தார். உட்சுழற்சி, அதாவது தோள் உள்பக்கமாகத் திரும்புவது, இடக்கையில் 65 பாகை, வலக்கையில் 40. வெளிப்பக்கமாகத் திரும்பும் வெளிச்சுழற்சி இடக்கையில் 90, வலக்கையில் 105. ஒரு மாதம் சர்வ் (பந்தை மேலே தூக்கிப் போட்டு அடிக்கும் தொடக்க அடி) போட வேண்டாம் என்கிறார். நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

மன்னார்குடி பயிற்சியாளர்
பதறாதீர்கள். சிறு வயதிலிருந்தே சர்வ் போடும் பிள்ளைகளுக்கு, வளரும் பருவத்தில் மேற்கை எலும்பே சற்று முறுக்கிக்கொண்டு வளர்கிறது. வெளிச்சுழற்சி கூடும், உட்சுழற்சி குறையும். என்னிடம் ஆடும் பையன்கள் பலருக்கும் இப்படித்தான். நோயல்ல இது.

கும்பகோணத்துக்காரன்
ஐயா, இரண்டு சுழற்சியையும் கூட்டிப் பாருங்கள். இடக்கை 155, வலக்கை 145. எலும்பு மட்டும் முறுக்கியிருந்தால் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏறியிருக்கும். அந்தப் பத்து பாகை எங்கே போயிற்று? தோளின் பின்பக்கத் தசையும் மூட்டு உறையும் இறுகினால்தான் மொத்தம் குறையும்.

எனக்கும் 17 வயதில் "எல்லோருக்கும் இப்படித்தான்" என்றார்கள். ஒரு போட்டியில் 5-4, என் சர்வ். பந்தைத் தூக்கிப் போட்டேன். மட்டை தலைக்குப் பின்னால் போனது, திரும்பி வரவில்லை. பந்து என் காலடியில் விழுந்து உருண்டது. நடுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு சரி.

நாகை வாசகர்
எனக்கும் வலி வந்தது, ஆறு மாதத்தில் போனது, கதை அவ்வளவுதான். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தரையில் பாய் விரித்து வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். மெத்தை வேண்டாம், தோள் அமிழ்ந்துவிடும். மேற்கை உடம்புக்கு நேர் முன்னால், முழங்கை 90 பாகை மடங்கி, விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். இடக்கையால் வலது மணிக்கட்டைத் தரைப் பக்கம் மெல்ல அழுத்தவேண்டும். 30 வினாடி, மூன்று முறை, ஆட்டம் முடிந்த பிறகு. தோளின் பின்பக்கம் இழுத்தால் சரி. முன்பக்கம் குத்தினால் அப்போதே விட்டுவிட வேண்டும்; வலுக்கட்டாயமாக அழுத்திக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலையும் கவனியுங்கள். சர்வின் விசை காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. முழங்கால் மடங்காமல் அடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாரமெல்லாம் தோளில்தான் இறங்கும். டென்னிஸ் வீராங்கனை ஷரபோவா 2008இல் தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்தபோது சர்வ் போடும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. 2012இல் பிரெஞ்சு ஓபன் வென்றார் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் எத்தனை வருடங்கள்! ஒரு மாதத்திற்கா யோசிக்கிறீர்கள்?

தஞ்சாவூர் அம்மா
சர்வை நிறுத்திவிட்டோம். பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகு அடிக்கும் தரையடி ஆட்டம் மட்டும் ஆடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பத்து பாகையைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை திருச்சியில் கேட்கிறேன். மன்னார்குடி ஐயா, உங்கள் பையன்களுக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்லுங்களேன்.