தமிழில் சொன்னால் அலாரம் வைத்துத் தரும் ஏஐ இருக்கிறதா?

வணக்கம். மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தே தேன் வியாபாரம் பார்க்கிறேன். எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு, மிகையியக்கம்) உண்டு, மாத்திரையும் எடுக்கிறேன். வேலை தெரியாமல் இல்லை, தொடங்குவதுதான் பெரும்பாடு. நேரம் போவதும் உறைக்காது.

'நாளைக்கு நாகர்கோவிலுக்குப் பத்து பாட்டில் அனுப்பணும்' என்று சாட்ஜிபிடியிடம் சொன்னால், பாட்டிலைக் கழுவிக் காயவை, தேனை வடிகட்டி நிரப்பு, லேபிள் ஒட்டு, கூரியர் கடை மூடுமுன் கிளம்பு என்று பிரித்துத் தருகிறது. வேலையைப் படிகளாகப் பிரித்துத் தரும் கோப்ளின் டூல்ஸ் என்ற இணையதளமும் அப்படித்தான். அதுவரை சரி. அப்புறம் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க யார் ஞாபகப்படுத்துவது? போனை எடுத்தாலே வாட்ஸ்அப்பில் போய் விழுந்துவிடுகிறேன்.

வாயால் தமிழில் சொன்னதைப் படிகளாக்கி, ஒவ்வொன்றையும் கூகுள் கேலண்டரில் அலாரத்தோடு ஏற்றுகிற வழி யாராவது வைத்திருக்கிறீர்களா? நான் முயன்ற ஒரு செயலிக்கு நம்ம ஊர்ப் பேச்சு பாதி பிடிபடவில்லை. இலவசமாக இருந்தால் நல்லது. வாடிக்கையாளர் பெயர், நம்பர் எதையும் இவற்றில் போடமாட்டேன், அதனால் அதைக் கேட்கிற செயலி வேண்டாம்.

'மனசை ஒருமுகப்படுத்து' என்ற அறிவுரையும் வேண்டாம், வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது! தக்கலை, குழித்துறை பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் நேரில் வந்தே கற்றுக்கொள்கிறேன்.