ஓசூரில் வாடகை வீடு: எங்கள் அனுபவங்கள்

ராயக்கோட்டை சாலையிலிருந்து

ஓசூருக்கு மாற்றலாகி வரும் குடும்பத்தினர் முதலில் கேட்பது, இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு என்ன வாடகை ஆகும் என்பதுதான். இப்போது அதற்கு ஒரே தொகையைப் பதிலாகச் சொல்ல முடிவதில்லை. 2018-இல் நாங்கள் குடிவந்தபோது மாத வாடகை 7,500 ரூபாய். சிறிது சிறிதாக ஏறி இன்று 11,000 கொடுக்கிறோம். எங்கள் மாடியிலேயே எதிர்வீடு காலியானபோதுதான் இந்த ஊரில் வாடகை எப்படி முடிவாகிறது என்பதை நேரில் பார்த்தேன். என்னுடன் வேலை செய்பவர் மனைவி, குழந்தையுடன் வந்து பார்த்துவிட்டு 12,000 தருவதாகச் சொன்னார். வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினார். மறுநாள் ஆட்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, கூடத்தில் இரண்டு பேர், அறைக்கு மூன்று பேர் என்று சுவரோரமாக நடந்தபடியே இடத்தைக் கணக்கிட்டார். எட்டுப் பேர், தலைக்கு 2,000 என்று 16,000 ரூபாய்க்கு அப்போதே பேசி முடித்துவிட்டார்கள்.

ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் இந்தத் தலைக்கணக்கோடு எப்படிப் போட்டியிட முடியும்? அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்த காலத்தில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் குடும்பத்தோடு இங்கே தங்கி, பின்னர் மனை வாங்கி வீடும் கட்டிக்கொண்டார்கள். இன்று சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் தனியாக வருகிறவர்கள். உத்தனப்பள்ளி வட்டாரத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு, எங்கள் சாலையை ஒட்டிய தெருக்களில் மாடி வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகளாக மாறுவதைப் பார்த்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பேர் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டு, இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கும் அதே அறையில் பகல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுக்கும் பணமும் குறைவானதல்ல.

பெங்களூரின் இழுப்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியதிலிருந்து, மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வீடு பார்க்க வருவோரை அடிக்கடி சந்திக்கிறேன். அந்த ஊர் வாடகையைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு நம் ஊரில் கேட்பது மலிவாகவே தெரியும். 2024 ஜூனில் ஓசூர் விமான நிலைய அறிவிப்பு வந்தபோது, செங்கல் ஒன்றுகூட வைக்காத திட்டத்தைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்திக் கேட்ட வீட்டுக்காரர்களையும் பார்த்தேன்.

பாகலூர் சாலையிலிருந்து

மேலே எழுதியவர் சொல்வது முற்றிலும் சரி. என் அனுபவம் அட்வான்ஸ் பற்றியது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் இங்கேயும் மெல்லப் பரவிவிட்டது. என்னிடம் ஆறு மாத வாடகை வாங்கினார்கள். வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அந்த வீட்டில் ஓராண்டுகூடக் குடியிருக்கவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த பிறகு, நாம் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு ஏற்பட்டாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதோடு வாடகை அதிகாரியிடம் பதிவாகியும் இருக்க வேண்டும். நடைமுறையிலோ, முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். “வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில்” என்பதுதான் நமக்குப் பாதகமான இடம்; வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் ஆறு மாத முன்பணத்துக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பெயின்டருக்குக் கொடுத்த பில்லைக் காட்டும்படி எழுத்தில் கேட்ட பிறகே, பிடித்த தொகையில் பாதி எனக்குத் திரும்பி வந்தது.

மத்திகிரியிலிருந்து

நான் வாடகைக்கு விடும் பக்கம் இருப்பவள். கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம், மாடியில் இரண்டு வீடுகள். 2022-இல் சொத்து வரி உயர்ந்தது. வீட்டுக் கடன் தவணை இன்னும் ஓடுகிறது. கோடையில் போர்வெல் வற்றினால் டேங்கர் தண்ணீர் வாங்காமல் முடியாது. ஒகேனக்கல் குடிநீர் வந்தாலும் புழக்கத்துக்குப் போர் தண்ணீர்தான். ஆகவே வாடகை உயரவே கூடாது என்று சொல்வது எங்களுக்கு நியாயமாகாது.

ஆனால் வீடு தேடுகிறவர்கள் வாடகைத் தொகையோடு மின் இணைப்பையும் விசாரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசச் சலுகை குடியிருப்பவருக்கே போய்ச் சேரும். மின்வாரிய அட்டையையும் அவரிடமே கொடுத்துவிடலாம். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. மெயின்டனன்ஸ், தண்ணீர்ப் பணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால் 10,000 ரூபாய் என்று சொன்ன வீடு 12,500-இல் வந்து நிற்கும்.

என் மாடி வீட்டையும் தலைக்கணக்கில் கேட்டு வந்தார்கள். நான் குடும்பத்துக்கே கொடுத்தேன். ஆண்டுக்கு ஐந்து சதவீத உயர்வு என்று மூன்றாண்டுக்கு எழுதிப் பதிவும் செய்துகொண்டோம். மாதா மாதம் சில ஆயிரம் எனக்குக் குறைவதை மறுக்கவில்லை. ஆனால் வீடு காலியாகவே இருக்கும் மாதங்கள் இல்லை, புரோக்கருக்குத் திரும்பத் திரும்பக் கமிஷன் அழ வேண்டியதில்லை, தண்ணீர்ச் செலவும் கட்டுக்குள் இருக்கிறது. இதே முறையில் நீண்ட கால ஒப்பந்தம் எழுதிய வீட்டுக்காரர்கள் தளி சாலை, தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கம் இருந்தால், ஆண்டு உயர்வை எத்தனை சதவீதமாக வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தம் போடும்போது எங்களுக்கு உதவியாக இருக்கும்.